அம்பாசடர் கன்டென்சர்

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் பெயின்ட்டைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான். 2016-இல் வேலூரில் ஒரு ஓய்வுபெற்ற பெரியவரின் வீட்டு வராந்தாவில் அந்த 1986 மாடல் புல்லட் 350 நின்றது. கறுப்பு டேங்க், கையால் இழுத்த தங்கக்கோடு. அங்கேயே விழுந்துவிட்டேன். கூட வந்த மெக்கானிக் பாய் டேங்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆர்.சி. புக்கை வாங்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் எழுத்து எழுத்தாக வாசித்தார். ராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட வண்டிகள், மூன்று வண்டிகளைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்தவை எல்லாம் சந்தையில் உண்டு. நம்பர் தவறினால் ஆர்டிஓ ஆபீசில் பதிவைப் புதுப்பிக்க முடியாது.

நம்பர் சரியாக இருந்தது. பிறகு கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி கம்ப்ரஷன் பார்த்தார்.

"அதிகம் கை வைக்காத இஞ்சின், தம்பி. எடுத்துக்கங்க. மத்ததெல்லாம் கிடைக்கும்."

கிடைத்தது. கிளட்ச் ப்ளேட், செயின் செட், பிரேக் ஷூ, கேபிள்கள், பேக்கிங் செட், பாயின்ட் செட், புஷ்ராடு மூடிக்கு ரப்பர் என்று நீளமான ஒரு பட்டியலோடு ஒரு சனிக்கிழமை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும் நடந்தேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் பையில். முப்பது வருஷத்து வண்டிக்கு! நான் எழுதிய புரோகிராம் ஒன்றை ஐந்து வருஷம் கழித்து மறுபடி ஓட வைக்க முயன்று ஒரு வாரம் போன அனுபவம் எனக்கு உண்டு. அதனால் இந்த 'கிடைக்கும்' என்ற சொல் மண்டையைக் குடைந்தது. ஏன் கிடைக்கிறது?

பதில் வரலாற்றில் இருக்கிறது, அது அவ்வளவு பெருமையான வரலாறும் அல்ல.

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரின் கம்பெனி. துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்துகொடுத்த தொடர்பில் வந்ததுதான் 'என்ஃபீல்டு' என்ற பெயரே. புல்லட் என்ற பெயர் 1932-இலேயே வந்துவிட்டது என்றாலும், நமக்குத் தெரிந்த புல்லட்டின் அமைப்பு, அதாவது பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் வைத்த 350, 1949-இல் விற்பனைக்கு வந்தது. எல்லைக் காவலுக்கு வண்டி தேடிய இந்திய அரசுக்கு அது பிடித்துப்போனது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் திருவொற்றியூரில் பாகங்களைக் கோத்தார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் இங்கேயே வந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இந்தியாவில்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். ரெட்டிச் அதே அறுபதுகளின் தொடக்கத்தில் இந்த டிசைனைக் கைவிட்டது. 1967-இல் அந்தத் தொழிற்சாலையே மூடப்பட்டது. தாய்வீடு போன பிறகும் திருவொற்றியூர் நிறுத்தவில்லை. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், வார்ப்பிரும்பு சிலிண்டர், தனியாக உட்கார்ந்திருக்கும் நாலு கியர் பெட்டி, வலது காலில் கியர், இடது காலில் பிரேக். சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு. அடிப்படை அப்படியே. 1977-இல் மெட்ராஸ் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. அங்கே ஐம்பதுகளின் ரெட்டிச் வண்டி வைத்திருந்தவர்களுக்கு மெட்ராஸ் பாகங்கள் பல பொருந்தின.

ஏன் மாற்றவில்லை? மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கே அரசு லைசென்ஸ் வேண்டியிருந்த காலம். வெளிநாட்டு வண்டி உள்ளே வராது. மோட்டார் சைக்கிள் என்றால் புல்லட், மைசூரில் செய்த ஜாவா, பிறகு அதுவே எஸ்டி ஆனது, அப்புறம் ராஜ்தூத். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் ஜப்பானியக் கூட்டில் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100, ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி எல்லாம் வந்தபோதுதான், வண்டி என்றால் தினம் ஸ்பானர் எடுக்க வேண்டியதில்லை என்று ஜனங்களுக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு பாயிடம் கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னேன். மாறாமல் இருந்ததுதான் இந்த வண்டியின் பெரிய குணம், பாய் என்று. அவர் கார்ப்பரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"குணமா? தம்பி, வேற வண்டி கிடைக்கல, அதான் ஓட்டுனாங்க. பிரேக்கு பிடிக்காது. ஆயில் ஒழுகாத புல்லட்ட நான் பாத்ததில்ல. கிக்கர் திருப்பி அடிச்சு எத்தன பேரு கால ஒடச்சிருக்கான். உங்களுக்கு ஞாயித்துக்கிழம வண்டி. அவங்களுக்கு வேலைக்குப் போற வண்டி."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு தலைமுறை வேறு வழியின்றிச் சுமந்ததை நான் ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறேன்.

ஆனாலும் அதோடு இருக்கக் கற்றுக்கொண்டேன். சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல இறக்கினால் ஆம்மீட்டர் முள் ஒரு இடத்தில் நடுவுக்கு வரும். பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் மேலே என்று அர்த்தம். டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டுவிட்டு, முழு வீச்சில் ஒரே உதை. பலத்தால் உதைக்கிறவனைத்தான் அது திருப்பி உதைக்கும். டேப்பெட் வைக்க ஃபீலர் கேஜ்கூட வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடு விரலில் தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான். பல நாள் ஓட்டாமல் நிறுத்தினால் அறையிலிருக்கும் எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும், கிளப்பியதும் புகை தள்ளும். அதனால் வாரம் ஒருமுறையாவது ஓட்டியாக வேண்டும். தூரப் பயணத்துக்கு அறுபது, அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகம் போதும். பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகூட ஹாரன் அடித்துக்கொண்டு முந்தும். மலைச்சாலையில் இந்த நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சின் மூன்றாவது கியரிலேயே முனகாமல் ஏறும்போது அதையெல்லாம் மறந்துவிடலாம்.

அப்படி ஜவ்வாது மலை ஏறும்போதுதான் நின்றது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் வழி, மதியம் மூன்று மணி. முதலில் திணறல், பின் படபடவென்று வெடிப்பு, பின் மௌனம். அரைமணி ஆறவிட்டால் ஓடும், சூடேறினால் நிற்கும். மூடியைக் கழற்றி உதைத்துப் பார்த்தேன். பாயின்ட்டில் நீலமாகப் பெரிய பொறி பறந்தது. கன்டென்சர் போய்விட்டது. பாயின்ட் செட் உபரி வைத்திருந்தேன், கேபிள் வைத்திருந்தேன். விரல்நுனி அளவுள்ள கன்டென்சரை வைத்திருக்கவில்லை.

நியூட்ரலில் இறக்கத்தில் உருட்டிக்கொண்டே வந்து, சமவெளியில் தள்ளி, ஒரு ஷெட்டை அடைந்தபோது இருட்டிவிட்டது. அங்கிருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். சொன்னதைக் கேட்டுவிட்டு டார்ச்சோடு பின்பக்கம் போனார். புளியமரத்தடியில் டயர் இல்லாத பெட்ரோல் அம்பாசடர் ஒன்று நின்றது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து அதன் கன்டென்சரைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"இது சேருமாண்ணே?"

"உள்ள ஒக்காராது. வெளிய கட்டிக்கலாம். கரண்டுக்கு எது காரு, எது பைக்கு?"

ஒயரை நீட்டி பாயின்ட்டோடு இணைத்து, கன்டென்சரின் உடலை ஃபிரேமில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் கம்பியால் இறுக்கினார். இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இருநூறு ரூபாய் கொடுத்தேன், நூறைத் திருப்பித் தந்தார்.

அன்றிரவு மெதுவாக ஓட்டி வரும்போதுதான் உறைத்தது. அந்த அம்பாசடரும் இதே கதைதான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலேயக் காரின் அச்சு. ஐம்பதுகளின் கடைசியில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் வந்து இறங்கி, இங்கிலாந்து அதை மறந்த பிறகும் 2014 வரை ஓடிய டிசைன். உறைந்துபோன ஒரு வண்டிக்கு உறைந்துபோன இன்னொரு வண்டி கைகொடுத்திருக்கிறது. இரண்டையும் திறந்து பார்த்த கை ஒன்று போளூர்ப் பக்கம் மிச்சமிருந்ததுதான் என் அதிர்ஷ்டம்.

என்ஃபீல்டு உறைநிலையிலிருந்து மீண்டது. 1994-இல் ஐஷர் கைக்குப் போனது. இரண்டாயிரத்துக்குப் பிறகு புது எஞ்சின்கள், இடது கால் கியர், செல்ஃப் ஸ்டார்ட் எல்லாம் வந்தன. புகை விதிகள் இறுகியதும் அந்தப் பத்தாண்டின் முடிவோடு வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெற்றது. இன்றைய புல்லட்டுக்கு பாயின்ட்டும் இல்லை, கன்டென்சரும் இல்லை. பாயின் மகன் லேப்டாப் செருகி எரர் கோடு பார்க்கிறான். என் வண்டியை அவன் தொடுவதில்லை. "வாப்பா வந்ததும் பாப்பாரு, அங்கிள்" என்பான்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிவிடலாமா என்று பாயிடம் கேட்டேன். மாட்டலாம், பாயின்ட் தொல்லையே இருக்காது என்றார். பிறகு எழுந்து வந்து, ஃபிரேமில் கம்பியால் கட்டியிருந்த அம்பாசடர் கன்டென்சரைப் பார்த்தார். விரலால் ஆட்டினார். அசையவில்லை.

"யாரு கட்டுனது?"

சொன்னேன்.

"இருக்கட்டும்" என்றார். கம்பியை மட்டும் வெட்டிவிட்டு ஒரு கிளாம்ப் போட்டுக் கொடுத்தார்.