கேட்டும் கேளாத குரல்

பருத்தித் துணியினால் உலகெங்கும் பெயர் பெற்ற மன்செஸ்டர் நகரை வரலாறு படித்தோர் யாவரும் அறிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே புகை கக்கிய அந்நகரத்து ஆலைகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அதனை அடுத்துள்ள சால்போர்ட்டிலே, தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வரிசை வீடுகள் 1960களில் இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் அடுக்குமாடிகள் எழுந்தன. புதிய வீடு கிடைத்தது; பழைய அயல் தொலைந்தது. இத்தகைய சூழலில் இளைஞர் நால்வர் அமைத்த இசைக்குழுவே ‘ஜோய் டிவிஷன்’ ஆகும்.

1976 ஜூன் 4ஆந் திகதி மன்செஸ்டரிலுள்ள சிறு மண்டபம் ஒன்றில் ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ என்னும் இலண்டன் குழு பாடிற்று. அங்கு கூடியிருந்தோர் மிகச் சிலரே. எனினும், முறையாக இசை பயிலாதவரும் மேடையேறலாம் என்னும் துணிவை அந்த இரவு அச்சிலருக்கு அளித்தது. பாடசாலைத் தோழர்களான பேர்னாட் சம்னரும் பீற்றர் ஹுக்கும் அவர்களுள் இருவர். ஹுக் மறுநாளே பேஸ் கிற்றார் ஒன்றை வாங்கினார். பின்னர் பாடகராக இயன் கேர்ட்டிஸும், முரசு வாசிப்பவராக ஸ்டீபன் மொரிஸும் வந்து சேர்ந்தனர். முதலில் ‘வோர்சோ’ என வழங்கிய குழு 1978இல் புதுப்பெயர் பூண்டது. நாஜி வதைமுகாம்களிலே பெண்கள் சிறைவைத்துச் சீரழிக்கப்பட்ட பகுதியைக் குறிக்க ஒரு நாவல் வழங்கிய பெயர் அது. அதனைத் தேர்ந்தமைக்காகக் குழுவினர் கண்டனத்துக்கும் ஆளாயினர்.

இவர்களது இசையின் தனித்தன்மை யாது? வழக்கமாகப் பின்னணியில் அடங்கி ஒலிக்கும் பேஸ் கிற்றாரை, ஹுக் அதன் உயர்ந்த சுரங்களில் வாசித்து, இராகத்தை ஏந்திச் செல்லும் வாத்தியமாக்கினார். கிற்றாரின் இரைச்சலிடையே தாழ்ந்த சுரங்கள் தம் செவிக்கே எட்டாமையால் அவர் கண்ட வழி அது. சம்னரின் கிற்றார் இடைவெளி விட்டுப் பேசும். மொரிஸின் முரசு யந்திரம்போல் பிசகாது இயங்கும். இவற்றின் மேல் கேர்ட்டிஸின் ஆழ்ந்த, தனித்த குரல் எழும்.

ஸ்ரொக்போர்ட்டிலுள்ள ஒலிப்பதிவு நிலையத்தில், 1979 ஏப்ரலில், மார்ட்டின் ஹனற் என்பவர் இவர்களின் முதல் நெடுந்தட்டைப் பதிவு செய்தார். ஒவ்வோர் ஒலியையும் பிரித்தெடுத்து, அவற்றிடையே எதிரொலியையும் வெறுமையையும் அவர் நிரப்பினார். போத்தல் உடையும் ஓசையும், கட்டடத்து மின்தூக்கியின் ஓசையுங்கூட அத்தட்டிலே இடம்பெற்றன. மேடையில் தாம் எழுப்பிய ஆவேசம் அடங்கிவிட்டதே எனச் சம்னரும் ஹுக்கும் அப்போது மனங்குறைந்தனர். ஆயினும், ஆளற்ற ஆலையொன்றில் நின்று கேட்பது போன்ற அந்த ஒலியே குழுவுக்கு அழியாப் புகழைத் தந்தது. ‘அன்னோன் பிளெஷர்ஸ்’ என்ற அத்தட்டை ரொனி வில்சன் முதலியோர் நடத்திய ‘பக்டரி’ நிறுவனம் 1979 ஜூனில் வெளியிட்டது. முதற் பதிப்பு 10,000 பிரதிகள். அதன் உறையை அலங்கரித்த வெண்கோடுகள், 1967இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட துடிப்பு விண்மீனின் வானொலி அலைகளைக் காட்டும் வரைபடமாகும். பி. பி. ஸி. வானொலியிலே ஜோன் பீல் நடத்திய நிகழ்ச்சிக்காகவும் இவர்கள் அவ்வாண்டில் இருமுறை பாடினர்.

கேர்ட்டிஸ் மக்கிள்ஸ்பீல்ட் நகரத்தில் வேலைவாய்ப்பு அலுவலகமொன்றிலே பணியாற்றியவர். அங்கவீனருக்கும் நோயாளருக்கும் தொழில் தேடிக் கொடுப்பது அவர் கடமை. அங்கு வந்த பெண்ணொருத்தி வலிப்பு நோயினால் இறந்த செய்தி அவரை வருத்திற்று; அவ்வருத்தம் ஒரு பாட்டாயிற்று. விதியின் கொடுமை போலும், 1978 டிசம்பரில், இலண்டனில் முதன்முறை பாடித் திரும்பும் வழியில், அவரையும் வலிப்புப் பற்றியது. மறுமாதம் வைத்தியர் நோயை உறுதிசெய்தனர். கடும் மருந்துகள், நித்திரையற்ற இரவுகள், கண்ணைக் கூசும் மேடை விளக்குகள், குலைந்துபோன குடும்ப வாழ்வு ஆகிய யாவும் ஒருங்கே அவரை நெருக்கின. மேடையிலே அவருக்கு வலிப்புக் கண்டபோது, அதனையும் அவரது வழக்கமான ஆட்டமென்றே எண்ணிக் கைதட்டியோர் உண்டு.

1980 மார்ச்சில் இரண்டாவது நெடுந்தட்டான ‘குளோசர்’ இலண்டனில் பதிவாயிற்று. மே 18ஆந் திகதி, குழுவினர் அமெரிக்காவுக்குப் புறப்படவிருந்த தினத்துக்கு முதல்நாள், கேர்ட்டிஸ் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 23. அவருக்கு மனைவியும் ஒரு வயதுப் பெண்குழந்தையும் இருந்தனர். அடுத்த மாதம் வெளிவந்த ‘லவ் வில் ரெயர் அஸ் அப்பார்ட்’ என்னும் பாட்டு பிரித்தானிய விற்பனை வரிசையில் 13ஆம் இடத்தை எய்திற்று. ஜூலையில் ‘குளோசர்’ வெளியாயிற்று. அதனைக் கேட்டோர், ஒவ்வொரு பாட்டிலும் அவர் தம் துயரத்தைச் சொல்லியிருந்தமையைக் கண்டு திடுக்குற்றனர். அப்பாட்டுகளை நாள்தோறும் உடனிருந்து வாசித்த தோழர்களோ, அவர் வேறு யாரையோ பற்றி எழுதுகிறார் என்றே தாம் கருதியிருந்ததாகப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டனர். அவர்களும் இருபது வயதைச் சிறிதே கடந்த இளைஞர்களே. அவர்கள்மேற் பழி சுமத்துதல் நியாயமன்று.

ஒருவர் பிரியின் பெயரைக் கைவிடுவது என்று முன்னரே செய்த உடன்பாட்டின்படி, எஞ்சிய மூவரும் ‘நியூ ஓடர்’ என்ற பெயரில் மீண்டும் தொடங்கினர். சம்னர் பாடகரானார். ஜிலியன் கில்பேர்ட் என்னும் பெண்மணியும் இணைந்தார். 1983இல் இவர்கள் வெளியிட்ட ‘புளூ மண்டே’, யந்திர இசையையும் நடன இசையையும் இணைத்துப் பெருவெற்றி கண்டது. துயரத்திலிருந்து எழுந்து நடக்க அவர்கள் கண்ட பாதை அதுவாகும்.

கேள்விக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஓசையைக் கேட்பது செவியின் தொழில். ஓசைக்குள் இருக்கும் மனிதனைக் கேட்பது நெஞ்சின் தொழில். கலையின் அழகில் நாம் மயங்கி நிற்கையில், அக்கலைஞன் உதவி வேண்டி நிற்றலும் கூடும். அழகிய பாட்டைப் பாராட்டியதோடு அமையாது, பாடியவனை அருகழைத்து நலம் விசாரிக்கும் பண்பு வேண்டும். மன்செஸ்டர் இளைஞர் நால்வரின் குறுகிய வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.