மாட வீதியிலிருந்து மூனிச் வரை: நாகஸ்வரமும் தவிலும் ஐரோப்பிய ராக் இசையில் இடம்பிடித்த வரலாறு

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஐந்தாம் நாள் இரவு பெரிய ரிஷப வாகனம். வேங்கிக்காலிலிருந்து வேலூர் சாலை வழியாகத் திருவண்ணாமலை மாட வீதிக்கு வருகிறவர்களுக்கு, சுவாமி கண்ணில் படும் முன்பே மேளம் காதில் விழுந்துவிடும். பல்லாயிரம் பேர் பேசும் இரைச்சல், வெடிச் சத்தம், போலீஸ் ஒலிபெருக்கி எல்லாவற்றையும் தாண்டி ஒரு நாகஸ்வரமும் இரண்டு தவிலும் தனித்துக் கேட்கும். சாகித்தியம் இல்லாமல் சுவரங்களாலேயே கட்டப்பட்ட மல்லாரி, கம்பீர நாட்டையில் மூன்று காலத்திலும் ஏறி இறங்கும். திறந்த வெளிக்கென்றே செய்த வாத்தியங்கள் இவை, மைக்குக்காகக் காத்திருப்பதில்லை. இந்தக் குணமே 1970களில் இவற்றை ஜெர்மானிய ராக் குழுக்களின் மின்கிடாருக்கும் டிரம்ஸுக்கும் நிகராக நிற்க வைத்தது. அந்த வழியைத் தேடிப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை. இசைத்தட்டு உறைகளில் அச்சாகியிருக்கும் கலைஞர் பெயர்களும் வாத்தியப் பெயர்களும் இதற்கு முதன்மைச் சான்றுகள்.

தமிழ்நாட்டில் ராக் இசையின் கதையை நாம் வழக்கமாக ஒரே திசையில்தான் சொல்கிறோம். ரேடியோ சிலோனின் ஆங்கில நிகழ்ச்சிகள், பீட்டில்ஸ், கல்லூரிப் பையன்களின் நீள முடி, சென்னையின் பீட் குழுக்கள், 1970இலும் 1971இலும் ஒரு சிகரெட் பெயரில் நடந்த சிம்லா பீட் போட்டி, பிறகு ஐஐடி விழா மேடைகள் என்று அந்தக் கதை போகும். மேற்கிலிருந்து வந்தது, நாம் வாசித்தோம் என்பதே அதன் சாரம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மறுபாதி நம் கோயில் வீதியிலிருந்து கிளம்பியது.

முதலில் ஒரு தவறான பெருமையை விலக்கிவிட வேண்டும். பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ (1973) ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. மிஸ்ர சாபு பழகிய கை அதற்கு உடனே தாளம் போடும். ஜெத்ரோ டல்லின் ‘லிவிங் இன் த பாஸ்ட்’ (1969) ஐந்து, கண்டம். ஜெனிசிஸின் ‘சப்பர்ஸ் ரெடி’ (1972) என்ற நீண்ட பாடலில் ஒரு பகுதி ஒன்பதில் ஓடும், சங்கீர்ணம். இவற்றைக் கேட்டதும் ‘நம்மிடமிருந்து எடுத்தார்கள்’ என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அது ஏற்புடையதல்ல. ஜாஸில் டேவ் பிரூபெக்கின் குழு 1959இலேயே ஐந்தில் வாசித்துப் பெயர் பெற்றுவிட்டது. ஐரோப்பிய நாட்டுப்புற இசையிலும் இத்தகைய எண்ணிக்கைகள் உண்டு. ஒப்புமை மட்டும் தொடர்புக்குச் சான்றாகாது. யார் யாரிடம் உட்கார்ந்து கற்றார், எந்த வாத்தியம் எந்தப் பதிவில் ஒலித்தது என்று காட்ட முடிகிற இடத்தில்தான் வரலாறு தொடங்குகிறது.

1960களில் மேற்கின் ராக் உலகம் இந்தியா என்று கேட்டது சிதாரையும் தபலாவையும். 1965இல் ஜார்ஜ் ஹாரிசன் பீட்டில்ஸ் பாடலொன்றில் சிதார் வாசித்தார். 1967இல் மான்டரே விழாவில் ரவிசங்கர் வாசித்தார். 1968 ஜனவரியில் ஹாரிசன் பம்பாய்க்கே வந்து ‘வொண்டர்வால்’ படத்துக்கு இசைப் பதிவு செய்தார். மேற்கு கேட்ட அந்த இந்தியாவில் தெற்கு இல்லை. அடுத்த பத்தாண்டில் அது வந்தபோது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகளில் வந்தது.

ஒன்று பல்கலைக்கழக வழி. அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1960களிலேயே கர்நாடக இசைக் கலைஞர்களை ஆசிரியர்களாக அழைத்தது. மிருதங்கம் டி. ரங்கநாதன், அவருடைய தம்பி புல்லாங்குழல் டி. விஸ்வநாதன், எஸ். ராமநாதன், ராம்நாட் ராகவன் ஆகியோர் அங்கே கற்பித்தவர்கள். 1971இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கி, மின்கிடாரின் வேகத்தால் ராக் ரசிகர்களைத் திணறடித்த ஜான் மெக்லாலின், எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். அங்கேதான் எல். சங்கரையும் சந்தித்தார். சங்கர் சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசையாசிரியராக இருந்தார். மெக்லாலின், சங்கர், ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன் ஆகிய ஐவரும் சேர்ந்த சக்தி குழுவின் முதல் இசைத்தட்டு 1975 ஜூலையில் நியூயார்க் அருகே நேரடி மேடையில் பதிவானது. இந்தக் கதை பரவலாகத் தெரிந்தது; 2024இல் சக்திக்குக் கிராமி விருதும் வந்துவிட்டதால் விரிக்கத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: இவ்வழியில் கடல் கடந்தவை வயலின், வீணை, மிருதங்கம், கடம், அதாவது சபா மேடையின் வாத்தியங்கள்.

நாகஸ்வரமும் தவிலும் போன வழி வேறு. அதற்குப் பல்கலைக்கழகம் இல்லை, பாடத்திட்டம் இல்லை. அதன் முதல் ஆள் சார்லி மரியானோ. 1923இல் பாஸ்டனில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்த சாக்ஸஃபோன் கலைஞர். சார்ல்ஸ் மிங்கஸ் குழுவில் 1963இல் வாசித்தவர். பெர்க்லீ இசைக் கல்லூரியில் கற்பித்தவர். 1960களின் நடுவில் மலேசிய வானொலியின் இசைக்குழுவுக்குப் பயிற்சி தரக் கோலாலம்பூர் போனார். அங்கே அவர் காதில் விழுந்தது நாகஸ்வரம். ரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் கோயில் கட்டினார்கள். கோயில் இருந்தால் மேளம் இருக்கும். ஆகவே ராக் இசைக்குள் நாகஸ்வரம் நுழைந்த கதையின் தொடக்கம் தஞ்சாவூரில் இல்லை, புலம்பெயர்ந்த தமிழர்களின் மலேசியாவில் இருக்கிறது. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மரியானோ அங்கே கற்கத் தொடங்கி, பின்னர் 1970களில் இந்தியாவுக்கு வந்து தங்கிப் பயின்றார்.

சாக்ஸஃபோன்காரருக்கு நாகஸ்வரம் எளிதல்ல. சாக்ஸஃபோனில் ஒற்றை நாக்கு. நாகஸ்வரத்தின் சீவாளி இரட்டை நாக்கு. அங்கே சாவிகள் துளையை முழுதாக மூடும், முழுதாகத் திறக்கும். இங்கே ஏழு விரல் துளைகள்தான். மீதி எல்லாவற்றையும் உதடும் மூச்சும் பாதி மூடிய விரலும் செய்ய வேண்டும். கமகம் சாவியில் கிடையாது, மூச்சில் இருக்கிறது. இதைப் பழகிய ஒருவர் 1971இல் ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்தபோது, அவரை வரவேற்றவர்கள் ராக் குழுக்கள்.

அந்தக் காலத்து மேற்கு ஜெர்மனி இளைஞர்கள் அமெரிக்க புளூஸையும் ஆங்கிலப் பாப்பையும் நகலெடுப்பதில் சலித்துப்போயிருந்தார்கள். கொலோனில் கேன், மூனிச்சில் அமோன் டூல், போபோல் வூ என்று குழுக்கள் முளைத்தன. கிறிஸ்டியன் பூர்கார்ட் 1969இல் மூனிச்சில் தொடங்கிய எம்ப்ரியோ அவற்றில் ஒன்று. 1973இல் வெளிவந்த அதன் ‘வீ கீப் ஆன்’ இசைத்தட்டில் மரியானோ சாக்ஸஃபோனுடன் நாகஸ்வரமும் வாசித்தார். அதே ஆண்டு டச்சு புரோகிரசிவ் குழுவான சூப்பர்சிஸ்டரின் ‘இஸ்கந்தர்’ தட்டிலும் சேர்ந்தார். 1975இல் எபர்ஹார்ட் வேபரின் ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ பதிவானது. அதன் உறையில் அவர் பெயருக்கு எதிரே சோப்ரானோ சாக்ஸஃபோன், ஷெனாய், நாகஸ்வரம் மூன்றும் அச்சாகியிருக்கின்றன. நம்மூரில் நாதஸ்வரம் என்றே வாய்க்கு வருகிறது. அங்கே அச்சானது நாகஸ்வரம்.

ஏன் பொருந்தியது? சத்தம் ஒரு காரணம், அதை முன்பே சொன்னேன். இன்னொன்று இசையின் கட்டமைப்பு. ஆங்கிலப் பாப் பாட்டு சுருதிக்கோர்வையை நாலு வரிக்கு நாலு முறை மாற்றும். ராகம் அதில் நிற்க முடியாது. ஜெர்மானியக் குழுக்களோ ஒரே கோர்வையில், ஒரே தாளச் சுற்றில், பத்து நிமிடம் நிற்கத் தயங்கவில்லை. ஆர்கனோ பாஸ் கிடாரோ விடாமல் பிடித்திருக்கும் அந்த அடித்தளம், நம் மேளத்தில் ஒத்துக்காரர் பிடித்திருக்கும் சுருதியின் வேலையைச் செய்தது. அதன்மேல் ஆலாபனை தாராளமாக உட்கார்ந்தது.

தவில் போன கதை சென்னையில் தொடங்குகிறது. 1948இல் சென்னையில் பிறந்த ரமேஷ் ஷோத்தம், தம் சகோதரர் சுரேஷ் ஷோத்தமுடன் 1970களில் ஹ்யூமன் பாண்டேஜ் என்ற ராக் குழுவில் இருந்தார். சுரேஷ் கிடார், ரமேஷ் டிரம்ஸ், ராதா தாமஸ் குரல். இந்திய ராக் வரலாற்றில் இந்தக் குழு மரியாதையோடு நினைக்கப்படுகிறது. ஆனால் என் கண்ணில் அதன் பெரிய விளைவு, டிரம்ஸ்காரர் அதற்குப் பிறகு போன இடம். பெங்களூரில் டி. ஏ. எஸ். மணி நடத்திய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனில் சேர்ந்து அவர் தவில் கற்றார். டிரம்ஸில் இரண்டு கையிலும் குச்சி. தவிலில் வலக்கை விரல்களுக்குக் கூடு, இடக்கைக்குப் பூவரசங்குச்சி. இரண்டும் முழு உடம்பையும் கேட்கிற வாத்தியங்கள். மேற்கத்திய மோகம் பையன்களை மரபிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் பயந்த காலம் அது. இங்கே ராக் டிரம்ஸ் வழியாகவே ஒருவர் தவிலுக்கு வந்து சேர்ந்தார்.

1978இல் எம்ப்ரியோ குழுவினர் ஜெர்மனியிலிருந்து தரைவழியே புறப்பட்டார்கள். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், பிறகு இந்தியா. போகிற இடத்து இசைக்காரர்களோடு உட்கார்ந்து வாசிப்பதே திட்டம். ‘வாகபுண்டன் கரவானே’ என்ற ஆவணப்படமும் ‘எம்ப்ரியோஸ் ரைசே’ என்ற இரட்டை இசைத்தட்டும் அந்தப் பயணத்தின் விளைவுகள். தெற்கில் அவர்கள் சேர்ந்து வாசித்தது மணியின் கல்லூரிக் குழுவோடு. அந்தப் பயணத்தின் முடிவில் எம்ப்ரியோவிலிருந்து சிலர் பிரிந்து டிசிடென்டன் என்ற குழுவைத் தொடங்கினார்கள். அதன் முதல் தட்டான ‘ஜெர்மானிஸ்தான்’ (1982) மணியின் குழுவோடும் ஆர். ஏ. ரமாமணியின் குரலோடும் சேர்ந்து உருவானது. ரமேஷ் ஷோத்தம் ஜெர்மனிக்கே குடிபெயர்ந்து கொலோனில் தங்கி, எம்ப்ரியோவோடும் மரியானோவோடும் வாசித்தார். பின்னாளில் தாம் நடத்திய குழுவுக்கு மெட்ராஸ் ஸ்பெஷல் என்று பெயர் வைத்தார்.

இந்த இரண்டாவது வழி நம் இசை வரலாறுகளில் பேசப்படாததற்குக் காரணம் நம்மிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சபாக்களின் டிசம்பர் பருவத்தில் நாகஸ்வரத்துக்கு வழக்கமாகக் கிடைப்பது தொடக்கத்து மங்கல இசை. 1947 ஆகஸ்டு 14 இரவில் தில்லியில் டி. என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்து விடுதலை பிறந்த நாட்டில், மேளக்காரருக்கு இன்றும் முழுக் கச்சேரி மேடை அரிது. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முடிந்ததும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூனிச்சின் ராக்காரர்களுக்கு நம் சாதி அடுக்கும் சபா அடுக்கும் தெரியாது. அவர்களுக்குக் கேட்டது ஒலி. அதனால் அந்த ஒலிக்கு நடு மேடையில் இடம் கொடுத்தார்கள். சக்தியைக் கொண்டாடும் நாம் எம்ப்ரியோவை அறியாமல் இருப்பது, எந்த வாத்தியத்தை இசை என்று ஏற்கிறோம் என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

இதற்கு எதிர்த்திசையில் போனவர் கத்ரி கோபால்நாத். நாகஸ்வரக் கலைஞரின் மகன் அவர்; சாக்ஸஃபோனை எடுத்துக் கர்நாடக இசைக்குப் பழக்கினார். 1994இல் வந்த ‘டூயட்’ படத்தால் அந்த ஒலி தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் பழகிவிட்டது. சாக்ஸஃபோனில் கமகம் வர அவர் பட்ட பாடும், நாகஸ்வரத்தில் மரியானோ பட்ட பாடும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

மரியானோ 1983இல் ரமாமணி, மணி, அவர்கள் குழுவினருடன் ஜெர்மனியில் ‘ஜோதி’ என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதில் அவர் வாசிப்பது சாக்ஸஃபோனும் புல்லாங்குழலும்; நாகஸ்வரம் இல்லை. ரமாமணியின் குரல் ஒரு சுவரத்தைத் தொட்டு அசைத்து விடும்போது, அந்த அசைவை அப்படியே சாக்ஸஃபோன் வாங்கிக்கொள்கிறது. சாவிகளுக்குள் இல்லாத அந்தச் சுழிப்பை உதட்டாலும் மூச்சாலும் எடுக்கிறார். அவர் 2009இல் கொலோனில் இறந்தார். பூர்கார்ட் 2018இல் போனார். அவருடைய மகள் மர்யா பூர்கார்ட் எம்ப்ரியோவை இன்றும் நடத்துகிறார்.