மருமகளின் கடனும் ஊரின் கடனும்: சப்பானில் முதுமைப் பேணற் காப்பீடு

முதுமையால் தளர்ந்து படுக்கையில் வீழ்ந்தாரை ஆண்டுக் கணக்கிற் பேணுதற்கு வேண்டும் பொருளை முன்னரே சேர்த்து வைத்தல் யார் கடன்? இவ்வினாவிற்குச் சப்பானியர் கண்ட விடையை ஆராய்வார், ஒரு புதினத்திலிருந்து தொடங்குதல் தகும். 1972இல் சவாகோ அரியோசி என்னும் பெண் எழுத்தாளர் இயற்றிய 'கோக்கொத்சு நோ இத்தோ' 10 இலக்கம் படிகளுக்கு மேல் விற்றது. அலுவலகப் பணி செய்யும் அகிகோ, நினைவு திரிந்த மாமனாரைப் பேணும் வரலாறே அதன் கதை. கணவனோ பெரும்பாலும் ஒதுங்கியே நிற்கின்றான். புதினம் வரலாற்றுச் சான்றாகாது என்பார் இதனை ஒருமுறை படித்தல் நன்று.

மருமகளின் உழைப்பிற்கு விலை இன்மையின் அச்செலவு எக்கணக்கிலும் ஏறவில்லை. 1973இல் 70 வயது நிரம்பியோர்க்கு மருத்துவம் இலவசமாயிற்று. வீட்டிற் பேணுவார் இல்லாத முதியோர், மருத்துவம் வேண்டாத நிலையிலும் மருத்துவமனைகளில் மாதக் கணக்கில் தங்கலாயினர். மறைந்து கிடந்த செலவு மருத்துவக் கணக்கில் தலைகாட்டிற்று என்பதே என் கருத்து.

1997இல் இயற்றப்பெற்ற காப்பீட்டுச் சட்டம் 2000 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. 40 வயது எய்தியோர் கட்டணம் செலுத்துவர். 65 வயதிற்குப் பின் அது பெரும்பாலும் ஓய்வூதியத்திலேயே பிடிக்கப்பெறும். பயன்பெறுவோர் தரும் பங்கு போக, எஞ்சிய செலவிற் பாதி வரிப்பணம், பாதி கட்டணம். நடத்தும் பொறுப்பு நகர, சிற்றூர் ஆட்சி மன்றங்களுக்கு உரியது.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. 1995இல் இத்தகைய காப்பீட்டைத் தொடங்கிய செருமனி, வீட்டில் உறவினராற் பேணப்படுவோர்க்குப் பணமாகவும் உதவி தந்தது. சப்பான் அதனை ஏற்கவில்லை. பணம் தரின் மருமகள் முன்னினும் இறுகக் கட்டுண்பாள் என்று கெய்கோ இகுச்சி முதலிய பெண்மணிகள் வாதிட்டனர். மறுபுறம், 1999இல் ஆளுங்கட்சியின் கொள்கைத் தலைவரான சிசுகா காமெய், பெற்றோரை மக்கள் பேணும் பழம்பண்பு கெடும் என்று தடை எழுப்பினார். அதன் விளைவாக 65 வயது கடந்தோர்க்கு முதல் ஆறு திங்கள் கட்டணம் இல்லை. அடுத்த ஓராண்டு பாதிக் கட்டணமே. பண்பு பற்றி எழுந்த வழக்குக் கட்டணச் சலுகையில் முடிந்தது வியப்பே!

தொடக்கத்தில் திங்களுக்குச் சராசரி 2,911 யென்னாக இருந்த முதியோர் கட்டணம் 2024இல் 6,225 ஆயிற்று. எனினும் அகிகோவின் சுமை முற்றும் இறங்கிற்றில்லை. உறவினரைப் பேணும் பொருட்டு ஓராண்டில் வேலையைத் துறந்தோர் ஏறத்தாழ 1 இலக்கம் என்பது 2022ஆம் ஆண்டுக் கணக்கு. அவருட் பெரும்பாலோர் பெண்டிர்.