ஏரி வேலையும் எண்பது ரூபாயும்

நூறு நாள் வேலையைச் சோம்பேறிகளின் திட்டம் என்று கேலி பேசும் தோழர்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை.

1999இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 'கண்ணியமான வேலை' என்பதைத் தன் இலக்காக அறிவித்தது. நல்ல சொல்தான். பெரம்பலூர், அரியலூர் சேரிகளில் அதற்கு என்ன பொருள்? வேலை அங்கே எப்போதும் இருந்தது. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் களையெடுக்க ஆள் வேண்டுமே. ஆனால் கூலியைத் தீர்மானித்தவர் பெரும்பாலும் நிலம் வைத்திருந்த சாதிக்காரர். பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவு. அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979இலேயே ஓடத் தொடங்கியது; ஆலைக்குள் நிரந்தர வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர்?

வேலை உறுதிச் சட்டம் 2005இல் நிறைவேறியது. 2006 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் 6 மாவட்டங்களில் தொடங்கி, 2008 ஏப்ரல் 1 அன்று நம் பக்கம் வந்து சேர்ந்தது. அப்போது குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள். நாள் கூலி 80 ரூபாய் வரை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. கேட்ட 15 நாளில் வேலை தராவிட்டால் படி தர வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு இடமில்லை. தூர்ந்த ஏரிகளில் மண் வெட்டியதால் நம் பெண்களுக்கு அது 'ஏரி வேலை'.

2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்ட மக்களில் 100க்கு 31 பேர் பட்டியல் சாதியினர். காட்டு வேலைக்குக் கூப்பிட்டால் "அந்தக் கூலிக்கு வரமாட்டேன்" என்று சொல்லும் தெம்பை அவர்களுக்கு அந்த 80 ரூபாய் கொடுத்தது. "ஆள் கிடைக்கவில்லை" என்ற புலம்பல் ஓங்கியது அதன் பிறகுதான். ஆட்கள் சேரியில்தான் இருந்தார்கள், பழைய கூலிக்குத்தான் கிடைக்கவில்லை.