யூமா துறை

அமெரிக்காவின் அரிசோனா, கலிஃபோர்னியா மாநில எல்லையில், ஹீலா ஆறு கொலராடோவுடன் கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே உள்ளது யூமா துறை. அணைகள் எழாத காலத்தில் கொலராடோ வெள்ளம் சமவெளியெங்கும் அகலப் பரவும். இங்கே மட்டும் இரு பாறைக்குன்றுகள் அதை நெருக்கிக் குறுக்கின.

துறை குவெச்சான் மக்களுடையது. வெள்ளம் வடிந்த வண்டலில் மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விதைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். சொனோராவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குத் தரைவழி தேடி 1774இல் வந்த ஸ்பானிய கேப்டன் ஹுவான் பாட்டிஸ்டா தெ ஆன்சா, அவர்களின் தலைவர் சல்வடோர் பால்மாவின் நட்பைப் பெற்றார். வழி திறந்தது அந்த நட்பால்தான்.

மறு ஆண்டு ஆன்சா ஏறத்தாழ 240 குடியேறிகளோடும் பெரும் கால்நடைக் கூட்டத்தோடும் திரும்பி வந்தார். குடியேறிகளில் பாதிக்கு மேல் குழந்தைகள். முன்பு கடந்த இடத்தில் ஆழம் கூடியிருந்ததால், ஆறு மூன்று கிளையாகப் பிரியும் இடத்தை மேலே தேடிப் பிடித்து, 1775 நவம்பர் 30 அன்று இறங்கினார்கள். குவெச்சான்கள் நீரில் நின்று உதவினார்கள். தண்ணீருக்கு அஞ்சிய பாதிரியார் கார்செஸை மூவர் மல்லாக்கப் படுக்கவைத்துத் தோளில் சுமந்து கரைசேர்த்ததை உடன்வந்த பாதிரியார் ஃபோன்ட் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இக்குழுவினரே 1776இல் சான் பிரான்சிஸ்கோவின் முதல் ஸ்பானியக் குடியிருப்பை அமைத்தனர்.

பால்மா மெக்சிகோ நகரம் வரை சென்று 1777இல் ஞானஸ்நானம் பெற்றார். எதிர்பார்த்த பரிசுகளும் உதவிகளும் போதிய அளவில் வரவில்லை. மாறாக, துறையருகே இரண்டு ஸ்பானியக் குடியிருப்புகள் முளைத்தன. அவற்றின் மாடுகள் குவெச்சான் பயிரை மேய்ந்தன. எதிர்த்தவர்களுக்குச் சவுக்கடி விழுந்தது. நட்பைக் கெடுத்தது ஸ்பானிய ஆட்சியே. 1781 ஜூலை 17 அன்று குவெச்சான்கள் கிளர்ந்தெழுந்தனர். ஸ்பானியர் தரப்பில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தோளில் சுமக்கப்பட்ட கார்செஸும் அவர்களில் ஒருவர். தரைவழி பல பத்தாண்டுகளுக்கு அடைபட்டது.

1849இல் கலிஃபோர்னியத் தங்கவேட்டை துறையை மீண்டும் பரபரப்பாக்கியது. படகுத்துறை, கோட்டை, 1877இல் ரயில் பாலம், 1915இல் சாலைப் பாலம் என ஒவ்வொன்றாக வந்தன. கோட்டை இருந்த குன்று இன்று குவெச்சான் காப்பு நிலத்தில் அடங்கும். அணைகளால் நீர் குறைந்து புதர் மண்டிய கரையில், யூமா நகரமும் குவெச்சான்களும் இணைந்து பருத்திமரங்களையும் வில்லோ மரங்களையும் நட்டு ஈரநிலத்தை மீட்டு வருகிறார்கள்.