தொழிற்பள்ளியில் யாருக்கு இடம்? மாசசூசெட்ஸ் சேர்க்கை விதிகள் குறித்து ஓர் ஆய்வு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசுத் தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளியில் இடம் பிடிப்பது எளிதல்ல. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான எட்டாம் வகுப்பு மாணவர்கள் இடம் கிடைக்காமல் திரும்புகிறார்கள். படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கான இடம் என்று ஒரு காலத்தில் இளக்காரமாகப் பேசப்பட்ட பள்ளிகள் இவை. மதிப்பு கூடியதும் போட்டி வந்தது. போட்டி வந்ததும் வடிகட்டல் வந்தது. புதிய பட்டறைகள் கட்டுவதற்கு முன்பே சேர்க்கை விதி நியாயமாக இருக்க வேண்டும். இல்லையேல் கூடுதல் இடங்களும் வசதியுள்ளவர்களுக்கே போய்ச் சேரும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இப்பள்ளிகள் யாருக்காகத் தோன்றின? 1905-இல் ஆளுநர் வில்லியம் டக்ளஸ் நியமித்த ஆணையம், பதினான்கு வயதில் படிப்பை விட்டு ஆலைக்குப் போகும் பிள்ளைகள் முன்னேற வழியற்ற வேலைகளில் முடங்குவதை 1906-இல் எடுத்துக்காட்டி, அரசுச் செலவில் தொழிற்கல்வி வேண்டும் என்றது. 1917-இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் தொழிற்கல்விக்குக் கூட்டரசின் நிதியைத் திறந்துவிட்டது.

இன்று இப்பள்ளிகளில் பெரும்பாலும் ஒரு வாரம் வகுப்பறை, மறு வாரம் பட்டறை என்று முறைவைத்துப் பாடம் நடக்கிறது. வூஸ்டர் நகரத் தொழிற்பள்ளிக்குள் 2012 முதல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இயங்குகிறது. வசதி குறைந்தவர்கள் தங்கள் நாயையோ பூனையையோ குறைந்த கட்டணத்தில் காட்ட வருகிறார்கள். பள்ளி மாணவர் அதை எடைபோட்டு, மிரளாதபடி அணைத்துப் பிடித்துக்கொள்ள, கால்நடை மருத்துவ மாணவர் மேசையில் வைத்துச் சோதிக்கிறார்.

அந்த மேசை வரைக்கும் வந்து சேர்பவர் யார் என்பதில்தான் சிக்கல். 2003-இல் மாநிலம் விதியை மாற்றி, விண்ணப்பங்கள் மிகும்போது மதிப்பெண், வருகைப் பதிவு, நடத்தை, ஆலோசகர் பரிந்துரை, நேர்காணல் ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டுத் தரவரிசைப்படுத்தப் பள்ளிகளை அனுமதித்தது. எல்லாருக்கும் ஒரே விதிதான். ஆனால் அம்மா வேலைக்குப் போன நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பிள்ளைக்கு வருகைப் புள்ளி குறைந்தது; ஆங்கிலம் இன்னும் பழகாத பிள்ளைக்கு நேர்காணலில் நாக்கு எழவில்லை. 2023-இல் கூட்டரசுக் கல்வித் துறையிடம் அளிக்கப்பட்ட குடிமை உரிமை முறையீடு, மாநிலத் தரவுகளைக் கொண்டே இதைக் காட்டியது. விண்ணப்பித்த ஏழை மாணவரில் 54 விழுக்காட்டினருக்கே இடம் வழங்கப்பட்டது, மற்றவரில் 72. வெள்ளையினத்தவரில் 69, பிற இனத்தவரில் 55.

தகுதியானவரைத் தேர்ந்தெடுப்பதில் என்ன தவறு என்ற கேள்வி எழும். ஆய்வாளர் ஷான் டாஹர்ட்டி 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. இம்மாநிலத்தின் தரமான தொழிற்பள்ளியில் சேர்ந்த வசதியுள்ள மாணவர் உரிய காலத்தில் பள்ளிப்படிப்பை முடிக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுகிறது. ஏழைகளுக்கும், இடம் கிடைக்குமா கிடைக்காதா என்ற விளிம்பில் நின்றவர்களுக்கும் பயன் அதைவிடப் பெரிது என்பதற்கான அறிகுறிகளும் தெரிகின்றன. தரவரிசை முதலில் வெளியேற்றியது இவர்களைத்தான்.

ஓடும் ரம்பத்தின் முன் கட்டுப்பாடில்லாத பிள்ளையை எப்படி நிறுத்துவது என்ற பட்டறை ஆசிரியர்களின் கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை ஏழாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண் அளந்து சொல்லாது. ஒன்பதாம் வகுப்பில் பல பட்டறைகளைச் சுற்றிவந்து பழகும் பருவம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பாதுகாப்புப் பழக்கத்தைக் கற்றுத் தருவதும் சோதிப்பதும் அங்கே நடக்க வேண்டியவை.

2025 மே மாதம் மாநிலக் கல்வி வாரியம் குலுக்கல் முறைக்கு வாக்களித்தது. 2026-இல் சேர்பவர்களிலிருந்து மதிப்பெண்ணுக்கும் பரிந்துரைக்கும் நேர்காணலுக்கும் இடமில்லை. வருகை, நடத்தை, ஆர்வம் ஆகியவற்றுக்கு வரம்புக்குட்பட்ட எடை மட்டுமே உண்டு. சரியான திருப்பம்தான். எனினும் குலுக்கல் இருக்கும் இடங்களைப் பங்கிடுமே தவிரக் கூட்டாது. பள்ளி நேரம் முடிந்ததும் தொழிற்பள்ளிப் பட்டறைகளைப் பிற பள்ளி மாணவர்களுக்குத் திறந்துவிடும் மாலைநேரத் திட்டம் மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கிறது. புதுக் கட்டடத்துக்குக் காத்திராமல் அதை விரிவாக்கலாம். உள்ளே நுழைந்த பின்னும் மின்பணி போன்ற கிராக்கியுள்ள பட்டறைகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் மறுபடியும் ஒரு தேர்வு நடக்கிறது. அதில் எந்தப் பின்னணி மாணவருக்கு எந்தப் பட்டறை கிடைத்தது என்பதை ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று வாரியம் அடுத்து விதிக்க வேண்டும்.