மூல ஓலை யார் கையில்?

ஆவடியை அடுத்த எங்கள் சேக்காட்டிலிருந்து பூவிருந்தவல்லி வழியாகத் தெற்கே போனால் குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். அவருடைய பெரிய புராணத்தில் ஒரு வழக்கு வருகிறது. சுந்தரரின் மணப்பந்தலுக்குள் நுழைந்த கிழவர், உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை இருக்கிறது, நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். திருவெண்ணெய்நல்லூர்ச் சபை பாட்டனின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, ஓலை செல்லும் என்று தீர்ப்பளிக்கிறது. கிழவர் சிவபெருமான் என்பதால் கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அந்தக் கதையில் அந்தணரான சுந்தரர் அடிமையாவதுதான் விந்தையாகப் படுகிறது. மனிதரை ஓலை எழுதி உடைமையாக்குவது யாருக்கும் விந்தையாகப் படவில்லை.

இப்படி மனிதரை உடைமையாக்கிய அடிமைமுறை அமெரிக்காவில் ஓர் உள்நாட்டுப் போரில் முடிந்தது. 1863 ஜனவரி 1-இல் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்தது. டெக்சாஸின் கால்வெஸ்டனில் அது அறிவிக்கப்பட்டதோ 1865 ஜூன் 19-இல்தான். அந்த நாளைக் கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடி வந்தன. 2021-இல் அது நாடு முழுமைக்கும் அரசு விடுமுறை ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதி லீயின் சிலை ரிச்மண்டில் இறக்கப்பட்டது. 1890-இல் வைத்த சிலை அது. 131 ஆண்டுகள் நின்றிருக்கிறது.

நமக்கும் ஒரு தேதி உண்டு: 1843 ஏப்ரல் 7. அன்றுதான் இந்திய அடிமைமுறைச் சட்டம் நிறைவேறியது. எந்த நாட்காட்டியிலும் அதைக் கண்டதில்லை. அந்தச் சட்டம் யாரையும் நேரடியாக விடுவிக்கவும் இல்லை. அடிமை என்று உரிமை கொண்டாடி வருபவருக்கு நீதிமன்றம் துணை நிற்காது என்றது, அவ்வளவே. செங்கல்பட்டு ஜில்லாவில் பண்ணையடிமையாக இருந்த படியாள் இதை எங்கே கேள்விப்பட்டிருப்பார்? அவரைக் கட்டிப்போட்டிருந்தது ஓலை மட்டுமல்ல. பட்ட கடனும், குடிசை நின்ற மண்ணும் சேர்ந்துதான் கட்டிப்போட்டிருந்தன.

லீக்குச் சிலை வைத்த மறு ஆண்டு, 1891-இல், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அந்த மண்ணைப் பற்றித்தான் அரசுக்கு எழுதினார். சேக்காடும் ஆவடியும் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தன. பறையர் குடிசை போட்டிருக்கும் இடம்கூட மிராசுதாருக்குச் சொந்தம், எதிர்த்துப் பேசினால் வீடே போய்விடும் என்று விளக்கி, நிலம் கொடுக்கச் சொன்னார். 1892-இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது அப்படித்தான். சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை.

அமெரிக்காவிலும் நிலம் கொடுத்தார்கள். 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன், விடுதலையான குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை என்று ஆணையிட்டார். லிங்கன் கொல்லப்பட்ட பின் வந்த அதிபர் ஜான்சன், அந்த ஆண்டே நிலத்தைப் பழைய முதலாளிகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். விடுமுறை நாள் வந்துவிட்டது, இறக்க வேண்டிய சிலைகளில் பலவும் இறங்கிவிட்டன. அந்த 40 ஏக்கர் இன்னும் வரவில்லை. நம் கதை வேறு. இங்கே நிபந்தனை இன்றும் சட்டப்படி செல்லும், நிலம் மட்டும் பெரும்பாலும் கைமாறிவிட்டது. மூல ஓலை இம்முறை அடிமைப்பட்டவர் பக்கம் இருக்கிறது. அதை எடுத்துப் படிக்கும் சபைதான் கூடவில்லை.

ஆவடிப் பக்கம் மனை வாங்கப் போனவர்களுக்குத் தெரியும். தாய்ப் பத்திரம், வில்லங்கம் எல்லாம் பார்த்த பிறகும் விவரமான வக்கீல் விடமாட்டார். "டி.சி. லேண்டான்னு பழைய செட்டில்மெண்ட் ரிஜிஸ்டரையும் பாத்துருங்க" என்பார். டி.சி. லேண்ட் என்றால் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நிலம், பஞ்சமி நிலம்தான். அடிமைமுறையின் நினைவு எங்கள் பக்கம் உயிரோடு இருப்பது அந்த இரண்டு எழுத்தில்தான். அதுவும் நிலத்தை இழந்தவரை எண்ணி அல்ல, வாங்குபவரின் பணம் போய்விடுமே என்ற பயத்தில். இது எனக்கு ஆறாத வருத்தம்.

1994-இல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணையில் மக்கள் பஞ்சமி நிலத்தை மீட்க இறங்கி, அங்கே அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். அதை நிற்க விடவில்லை. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நியாயம் கேட்டுத் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தனர். அவர்கள் பெயரையும், பழைய பதிவேடுகளில் முதன்முதலாக நிலம் பெற்றவர்களின் பெயர்களையும் அந்தந்த வட்டாட்சியர் அலுவலகச் சுவரில் எழுதி வைக்க வேண்டும், பட்டாவுக்கு வரிசையில் நிற்பவர் கண்ணில் படும் உயரத்தில்.